அக்காவுக்குத் தாகம்

அன்புள்ள அத்தைக்கு,

இல்லை, அப்பா மாத்திரையை விடவில்லை. ஒரு வேளைகூட. நீங்கள் முதலில் அதைத்தான் கேட்பீர்கள்.

நீங்கள் அவருக்குச் சிறுநீரகம் கொடுத்துப் பதினேழு வருடம். இன்றும் லிஃப்ட் பழுது பார்க்கையில் கைபேசியில் மாத்திரை அலாரம் அடித்தால், அந்தப் பெட்டியின் கூரைமேலேயே உட்கார்ந்து மாத்திரை போடுகிறார். கீழே காத்திருப்பவர்கள் கத்தட்டும். "அக்காவுக்குத் தாகமாம்" என்று பாட்டிலைத் திறப்பார். உங்க அக்கா ரொம்ப அதிகாரம் பண்றாங்க என்று கூட வேலை செய்பவர்கள் கிண்டல் செய்தால், சின்ன வயசிலிருந்தே அப்படித்தான் என்பார்.

நான் பட்டம் வாங்கியபோது அப்பா எழுந்து நின்று கைதட்டினார். நீங்கள் தொலைவில் இருந்தீர்கள். அவருடைய அடிவயிற்றிலும் இருந்தீர்கள்.

இந்த முறை இரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் ஏறியிருக்கிறது; சிறுநீரகம் தளர்கிறதாம். இவ்வளவு ஒழுங்கான நோயாளியைப் பார்த்ததில்லை என்றார் டாக்டர். யார் தப்பும் இல்லையாம். தானமாக வந்த சிறுநீரகத்துக்கும் ஓர் ஆயுள் உண்டாம். அடுத்து டயாலிசிஸ், அல்லது இன்னொரு மாற்று.

நான் தருகிறேன் என்றேன்.

"ஒரு வீட்டுல எத்தனை பேரைக் கிழிக்கிறது?" என்றார் அப்பா.

உங்களிடம் சொல்லக் கூடாது என்று தடுத்தார். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று காரணம் சொன்னார்: "அவ கொடுத்ததை நான் பத்திரமா வச்சுக்கலன்னு நினைச்சுடுவா."

லிஃப்ட் வந்தது. ஏறினோம். கதவு மூடும் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டார். எண்ணெய் போடணும் என்றார்.

இரத்த அழுத்தம் பார்த்துக்கொள்கிறீர்களா? வருடாந்திரப் பரிசோதனையைத் தள்ளிப்போடுகிறீர்கள் என்று மாமா சொன்னார். ஒற்றைச் சிறுநீரகத்தோடு இருப்பவர் நீங்கள். அப்பாவைப் பார்த்தாவது ஒழுங்காக இருங்கள்.

அவரைக் கூப்பிடுங்கள். அழாதீர்கள், அவருக்குத் தாங்காது. திட்டுங்கள். பத்திரமாகத்தான் வைத்திருந்தாய் என்று திட்டுங்கள். அன்று கொடுக்கும்போது நீங்கள் அவரிடம் அனுமதி கேட்கவில்லை என்பதையும் நினைவுபடுத்துங்கள். நான் சொன்னால் கேட்கமாட்டார்.

நீங்கள் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். இரண்டு இடத்திலும்.

உங்கள் மருமகள்

பி.கு.: உறையை ஒட்டாமல் கைப்பையில் வைத்துக்கொண்டு ஆய்வகத்துக்குப் போனேன். பொருத்தம் பார்க்க இரத்தம் கொடுத்துவிட்டு வந்தேன்.