என் பேரில் நீ கேட்ட மன்னிப்பு

இரணைமடுக் குடியேற்றம்,
கிளிநொச்சி.
14.3.1962

அன்பு மகன் செல்வநாயகத்துக்கு அம்மா அன்னபாக்கியம் எழுதுவது.

நான் நல்ல சுகத்தோடு இருக்கிறேன். எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று யாராவது உனக்கு எழுதியிருந்தால் அது பொய். தங்கச்சி ஜெகதீஸ்வரியும் சுகம். கொழும்பில் வெக்கை கடுமை என்று போன கடிதத்தில் சொன்னாய். கந்தோர் வேலை முடிந்து வந்ததும் ஒரு தேசிக்காய் கரைத்துக் குடி.

சித்தப்பா கனகலிங்கத்துக்கு நீ எழுதிய கடிதத்தை நான் காதால்தான் கேட்டேன். சனிக்கிழமை மண்ணெண்ணெய் வாங்கச் சங்கக்கடைக்குப் போனேன். கூப்பன் அரிசிக்கு நின்ற இருபது முப்பது பேருக்கு நடுவில் அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உரத்து வாசித்துக்கொண்டிருந்தார். அம்மா செய்தது பிழை, அவவின் பேரில் நான் உங்கள் எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்கிறேன் என்று எழுதியிருந்தாய். வாசித்து முடித்ததும் என்னைப் பார்த்து, "பாருங்கோ மச்சாள், பெடியனுக்கு இருக்கிற அறிவு உங்களுக்கு இல்லையே" என்றார். பக்கத்துக் காணி ஏரம்பு பின்னால் நின்று, "ஆம்பிளைப் பிள்ளையைப் பெத்து வைச்சது இதுக்குத்தானே" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நான் போத்தலை நிரப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

நடந்ததைச் சித்தப்பா உனக்கு எப்படி எழுதினாரோ தெரியாது. என்னிடம் நீ கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் எழுதுகிறேன்.

போன மாதம், அறுத்து அடுக்கிய எங்கள் நெற்கதிர்ச் சூட்டை மிதித்தார்கள். எருமைகள் சித்தப்பாவுடையவை. பாதிச் சூடு மிதித்துத் தூற்றி, நெல்லைக் களத்தின் நடுவில் குவித்தாயிற்று. மத்தியானம் ஏரம்பு புதிதாக வாங்கிய உழவு மிசினைப் பார்க்க ஆண்கள் எல்லாரும் போய்விட்டார்கள். நானும் தங்கச்சியும் சோற்றுப் பெட்டியோடு வரம்பில் நின்றோம். பெண்கள் நிற்க வேண்டிய இடம் அதுதானே. அப்போது குளத்துப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. தொண்டை கிழியக் கூப்பிட்டேன். ஒருவரும் வரவில்லை. முதல் துளி விழுந்ததும் தங்கச்சி என் முகத்தைப் பார்த்தாள். ஓடு பிள்ளை என்றேன். இருவரும் களத்துக்குள் இறங்கி, படங்கை இழுத்துக் குவியலை மூடி, சுற்றிவரக் கல் வைத்தோம். அரை மணித்தியாலம் ஊற்றித் தள்ளியது. ஒரு நெல்லும் நனையவில்லை.

சித்தப்பா திரும்பி வந்து படங்கைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. சேற்றில் பதிந்திருந்த எங்கள் கால்களைத்தான் பார்த்தார். "பொம்பிளையள் களத்துக்கை கால் வைச்சா விளைச்சல் அழிஞ்சு போகுமெண்டு தெரியாதோ? உங்களுக்கு அறளை பேந்து புத்தி மாறிட்டுதோ மச்சாள்?" என்று கத்திவிட்டு எருமைகளை அவிழ்த்துக்கொண்டு போனார். பிள்ளையாருக்குப் பொங்கி, ஊர் ஆண்கள் முன்னால் நான் மன்னிப்புக் கேட்டால்தான் மிச்சத்தை மிதிப்பாராம்.

பிள்ளையாரோடு எனக்கு ஒரு கோபமும் இல்லை. பொங்கல் நாளைக்கே பொங்குவேன். மன்னிப்புக் கேட்க மாட்டேன். நாங்கள் இந்தக் காணிக்கு வந்தபோது இது காடு. உன் அப்பா மரம் தறிக்க, நான் வேர் கிளறினேன். நீ பாலை மரத்தில் கட்டிய ஏணையில் கிடந்தாய். காட்டுக்குள் பெண் கால் வைக்கக் கூடாது என்று அன்றைக்கு ஒரு ஆண்பிள்ளையும் சொல்லவில்லை. களை பிடுங்கவும் கதிர் அறுக்கவும் எங்கள் கால் ஆகும். வரம்பில் நின்று நான் நீட்டுகிற சோறு களத்துக்குள் போகலாம், நான் போகக் கூடாது. அப்பா போய் மூன்று வருஷமாக இதை யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவர் இருந்த காலத்திலேயே அவரிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்காதது என் பிழை. அந்த ஒரு பிழையை மட்டும் ஒத்துக்கொள்கிறேன்.

மூன்று நாள் பார்த்தோம். நாலாம் நாள் எங்கள் வண்டில் மாடு இரண்டையும் பிணைத்து, தங்கச்சி வட்டம் வட்டமாக நடத்தினாள். நான் வைக்கோல் உதறினேன். எருமைகள் ஒரு நாளில் முடிப்பதற்கு எங்களுக்கு ஐந்து நாள் சென்றது. தோள்மூட்டு இன்னும் நோகிறது. பெடியன்கள் வரம்பில் குந்தியிருந்து வேடிக்கை பார்த்தார்கள். ஒருவன், "அக்கா, மீசை எப்ப முளைக்கும்?" என்று கேட்டான். இவள் மாட்டை நிறுத்தாமலே, "உனக்கு முளைச்ச பிறகு சொல்லு, பாத்து முளைக்கிறன்" என்றாள். மிதிக்கத் தொடங்கி மூன்றாம் நாள் ஏரம்புவின் பெண்சாதி இலட்சுமி சுளகோடு வந்தாள். கொஞ்ச நேரம் வரம்பில் நின்றாள். பிறகு உள்ளே இறங்கிவிட்டாள். பொழுதுபடும்வரை தூற்றிவிட்டுப் போனாள்.

விளைச்சல் கூடினதா குறைந்ததா என்று கேட்டு எழுதாதே. எப்படியிருந்தாலும் நான் சொல்வது ஒன்றுதான்.

தங்கச்சிக்குப் பேசிய புளியங்குளத்துச் சம்பந்தம் குழம்பும் என்றுதான் நீ பயந்தாய். எனக்கு அது விளங்குகிறது. மாப்பிள்ளை தவராசாவின் மாமன் வந்து, தாய் மன்னிப்புக் கேட்டால் மிச்சக் கதை கதைப்போம் என்றார். நான் வாய் திறக்க முதல் இவள் குசினிக்குள்ளிருந்து சொன்னாள்: "மழைக்கை நெல்லு நனைய நனையப் பாத்துக்கொண்டு நிக்கிற பொம்பிளைதான் அவைக்கு வேணுமெண்டா, வேற இடம் பாக்கச் சொல்லுங்கோ." அவர் தேத்தண்ணியைக் குடிக்காமல் எழும்பிப் போனார். அதன் பிறகு அவள் இரண்டு நாள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். அவள் வாழ்க்கைக்காகச் சித்தப்பாவிடம் மன்னிப்புக் கேட்டாயே, அவளிடம் ஒரு வரி கேட்டாயா?

நீ அரிவரி படித்த காலத்தில் உன் சிலேற்றைப் பார்த்து எழுத்துப் பழகியவள் நான். எனக்கு ஒரு பள்ளிக்கூடமும் வாத்தியாரும் இருக்கவில்லை. என் பேரில் எதையாவது எழுத வேண்டுமென்றால் எனக்கே எழுதத் தெரியும். ஆண்பிள்ளை என்பதற்காக என் வாய் உன்னுடையதாகிவிடாது.

ஆகையால் இன்னொரு கடிதம் எழுது. அம்மாவின் பேரில் மன்னிப்புக் கேட்க எனக்கு உரிமை இல்லை, கேட்டதைத் திருப்பி எடுக்கிறேன் என்று எழுது. சித்தப்பாவுக்கு அனுப்பினால் அவர் மடித்து வைத்துவிடுவார். எனக்கு அனுப்பு. வருகிற சனி விட்டு அடுத்த சனி, அதே சங்கக்கடையில் நின்று நான் வாசிப்பேன். உன் கடிதம் வராவிட்டால் இந்தக் கடிதத்தை வாசிப்பேன். அதற்காக இதை இரண்டு தரம் எழுதி ஒன்றை என்னிடம் வைத்திருக்கிறேன். பெற்ற பிள்ளையைப் பற்றி ஊர் கேட்க இதை வாசிக்க எனக்கு ஆசை இல்லை. ஆனாலும் வாசிப்பேன்.

உனக்கு ஒரு குறையும் வராமல் பிள்ளையார் பார்த்துக்கொள்வார். வருஷப்பிறப்புக்கு லீவு கிடைத்தால் வா. கொழும்புத் தபால் இங்கே வர இரண்டு நாள் செல்கிறது. அந்தச் சனிக்கு முதல் நாள் தபாற்காரன் வருகிற நேரத்தில் நான் வயலுக்குப் போக மாட்டேன். வாசல் படலையடியில்தான் நிற்பேன்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா,
அன்னபாக்கியம்