ருசி பார்க்காத கஞ்சி

1935, ஆடி வெள்ளி, ராத்திரி.

நோயாளிகளுக்குச் சமைக்கும் பயிற்சிக்கு நான் மனு போட்டிருந்த ஆஸ்பத்திரியில் இன்று கூப்பிட்டிருந்தார்கள். கேள்வி கேட்பார்கள் என்று விட்டமின் பெயர்களையெல்லாம் டிராமில் உருப்போட்டுக்கொண்டே போனேன். மேட்ரன் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. காய்ச்சல் விட்டவருக்கு அரிசிக் கஞ்சி வைக்கச் சொன்னாள். வைத்தேன். எங்காத்தில் கல்லுப்பு. அங்கே பொடியுப்பு. அதே கையளவு போட்டுவிட்டேன்.

"ருசி பாத்தியாம்மா?"

"இல்லை. ஸ்வாமிக்கு நைவேத்யம் ஆறதுக்கு முன்னாடி எங்காத்துல யாரும் ருசி பார்க்கமாட்டா."

மேட்ரன் ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் வைத்தாள். உப்புக் கரித்து முகம் சுளித்தது.

"உன் வாயில வைக்காததை நோயாளி வாயில வைக்கலாமா? நாளைக்கு வா. ஆட்டெலும்பு சூப். வச்சு, ருசி பாத்து, என்கிட்ட தரணும். முடியாதுன்னா வராதே."

சாயங்காலம் அடுப்பில் ரசம் நுரை கட்டியது. என்ன நினைப்போ, கரண்டியில் எடுத்து நாக்கில் விட்டுக்கொண்டேன்.

"இன்னும் நைவேத்யமே ஆகலையேடி! நோக்கு என்ன ஆச்சு?" அம்மா கரண்டியைப் பிடுங்கினாள். ரசம் முழுவதையும் முற்றத்தில் கொட்டிவிட்டு, முணுமுணுத்துக்கொண்டே மறுபடி புளி கரைத்தாள்.

"போன காரியம் என்னாச்சு?" என்றார் அப்பா.

"நாளைக்கும் வரச் சொல்லியிருக்கா" என்றேன். சூப் என்ற வார்த்தை வாயில் வரவில்லை.

படுத்தேன். எழுந்தேன். விடிந்தால் போவேனா, தெரியவில்லை. கொட்டிய ரசமே நினைவில் நிற்கிறது. அதில் உப்பு சரியாகத்தான் இருந்தது. புளிதான் கொஞ்சம் தூக்கல்.