என் வயிற்றை யாரிடம் கொடுப்பது

அன்புள்ள என் செல்ல மகளுக்கு, அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும், இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே உன் அப்பா சுகம். நான் சுகம் என்று முழுசாக எழுதக் கை வரவில்லை, வயிற்றில் பாதிக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டார்கள் அல்லவா, மிச்சம் இருக்கிற வயிற்றின் அளவுக்குச் சுகம் என்று வைத்துக்கொள். போனில் நீ கேட்கும்போதெல்லாம் நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன் என்று சொல்லி முடித்துவிடுகிறேன், ஏனென்றால் உன் அப்பா எதிரிலேயே உட்கார்ந்து என் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பார், அவரை வைத்துக்கொண்டு எதைச் சொல்வது. இன்று ஏதோ ஒரு அடுக்குமாடியில் லிஃப்ட் நடுவழியில் நின்றுவிட்டதாம், ஓய்வு பெற்ற மெக்கானிக் என்றும் பார்க்காமல் அழைத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். வீடு அமைதியாக இருக்கிறது, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நீ கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, கடிதத்தைப் பார்த்துக் கத்தினால் எனக்குக் கேட்காது.

வயிற்றின் கீழ்ப்பக்கம் புற்றுநோய், ஆரம்ப நிலைதான், ஆனால் ஆபரேஷன் வேண்டும் என்று குழாய் விட்டுப் பார்த்தவர்கள் சொன்னது வரைக்கும் உனக்குத் தெரியும். அன்றிலிருந்து சுற்றி இருந்தவர்கள் எல்லோருடைய முகமும் மாறிப்போனது. ஆயுசு முழுக்க ரயிலில் டிக்கெட் பரிசோதித்தவள் நான், தேவைக்கு மேல் ஒருவர் மரியாதையாகப் பேசினால் அவரிடம் டிக்கெட் இல்லை என்று தெரிந்துகொள்வேன். நீ சொன்னாயே என்று முதலில் அந்தக் கண்ணாடி ஆஸ்பத்திரிக்குத்தான் போனோம். உள்ளே நுழைந்ததும் ஆள் உயரத்துக்கு ஒரு படம், நாலு கையோடு ஒரு இயந்திரம், பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு சிரிக்கிற டாக்டர். நேரில் பார்த்தால் அதே சிரிப்பு, படத்திலிருந்து இறங்கி வந்த மாதிரி. நாங்கள் கேட்காமலே காபி வரவழைத்தார். டாக்டர் காபி வாங்கிக் கொடுக்கிற இடத்தில் என்னவோ இருக்கிறது என்று அப்போதே எனக்கு உறுத்தியது. ரோபோ தானாக எதையும் வெட்டாது, தான்தான் கொஞ்சம் தள்ளி ஒரு மேசையில் உட்கார்ந்து கையை அசைப்பேன், அது உள்ளே அசையும், மனிதக் கை மடங்காத பக்கமெல்லாம் மடங்கும், நடுக்கம் இருக்காது என்று விளக்கினார். "நீங்க தள்ளி உக்காந்திருக்கும்போது எனக்கு உள்ள ரத்தம் பிச்சுக்கிட்டு வந்தா யாரு பாப்பா?" என்று கேட்டேன். உன் அப்பா மேசைக்கு அடியில் என் காலை மிதித்தார். டாக்டர் அதற்கும் சிரித்துக்கொண்டே, "எங்க ஆளுங்க உங்களை ஒட்டித்தான்மா நிப்பாங்க, நானும் ரெண்டு எட்டு வெச்சா வந்துடுவேன்" என்றார்.

அடுத்து பழைய ஆஸ்பத்திரி. அங்கே இருந்தது ஒரு சிடுமூஞ்சி. நிமிர்ந்துகூடப் பார்க்காமல் என் படங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் செய்வது லேப்ராஸ்கோப்பி, அதிலும் அதே மாதிரி சின்னச் சின்னத் துளைதான், கேமராவும் உண்டு, நீளமான கருவிகளைத் தன் கையாலேயே பிடித்துச் செய்வார், அவ்வளவுதான் வித்தியாசம். ரோபோ பற்றிக் கேட்டேன். "நல்லதுதான். ரத்தம் கொஞ்சம் கம்மியாப் போகும்னு சொல்றாங்க, நேரம் கூட ஆகும். சில வருஷம் கழிச்சு யாரு உயிரோட இருக்காங்கன்னு பாத்தா, இதுவரைக்கும் ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியல" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். வெளியே வந்ததும் உன் அப்பா, மனுஷன் நேர்மையானவர்போலத் தெரிகிறார் என்றார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ரோபோ இல்லாதவர் ரோபோவில் பெரிதாக ஒன்றும் இல்லை என்றுதானே சொல்வார், எட்டாத பழம் புளிக்கும்.

இதில் நீ வேறு. தினமும் போனில் ரோபோ ரோபோ என்று ஜபம். எனக்குப் புரியாத கட்டுரைகளாக அனுப்பி, படிச்சியாம்மா படிச்சியாம்மா என்று கேட்டாய். மாப்பிள்ளையின் சிநேகிதன் அதே கண்ணாடி ஆஸ்பத்திரியின் ஆபீசில்தான் வேலை பார்க்கிறான் என்பதை மட்டும் நீ சொல்லவே இல்லை. உன் கல்யாணத்தில் பார்த்த முகமாயிற்றே என்று அவன் சட்டையில் மாட்டியிருந்த அட்டையைப் பார்த்து நானே கண்டுபிடித்தேன். தப்பாக ஒன்றும் நினைக்கவில்லை, நினைத்தேன், பிறகு விட்டுவிட்டேன். வர வேண்டாம் என்று உன்னைத் தடுத்ததுகூட அதற்காகத்தான், வந்திருந்தால் நீ மூன்றாவது டாக்டராகியிருப்பாய்.

ஆனால் எனக்குப் பெரிய சந்தேகம் வந்தது உங்கள் யார் மேலும் இல்லை, உன் அப்பா மேல்தான். கல்யாணம் ஆனதிலிருந்து குடித்த டம்ளரை நகர்த்தி வைக்காத மனுஷன் திடீரென்று பாத்திரம் கழுவ ஆரம்பித்தார். நான் சொல்கிற எதற்கும் எதிர்ப்பேச்சு இல்லை. சாயங்காலமானால், லிஃப்ட் வேலை இருக்கு, போயிட்டு வந்துடறேன் என்று கிளம்பிவிடுவார், திரும்பி வந்தால் முகம் தொங்கியிருக்கும். டாக்டர்கள் இவரைத் தனியாகக் கூப்பிட்டு ஏதோ சொல்லியிருக்கிறார்கள், பரவிவிட்டது போலிருக்கிறது, என்னிடம் மறைக்கிறார் என்று முடிவே கட்டிவிட்டேன். ஒரு நாள் அவர் கிளம்பிப் போன பிறகு பார்த்தால் கருவிப் பை கதவுக்குப் பின்னால் அப்படியே தொங்குகிறது. செருப்பை மாட்டிக்கொண்டு பின்னாலேயே போனேன். மனுஷன் ஒரு தரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. செருப்புத் தைக்கிற கடையைத் தாண்டி ஒரு டீக்கடைக்குள் நுழைந்தார். கண்ணாடி வழியாகப் பார்க்கிறேன், ஒல்லியான ஒரு ஆள் ரொட்டியைக் கிள்ளிக் கிள்ளிச் சாப்பிட, உன் அப்பா எதிரில் உட்கார்ந்து, கிரிக்கெட் பார்ப்பது மாதிரி, அவன் மெல்லுவதையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

உள்ளே போய் எதிரில் நின்றேன். பேயைப் பார்த்தவர் மாதிரி எழுந்துவிட்டார். "பை வீட்டுல தொங்குது, லிஃப்ட்டைப் பல்லாலயா கழட்டறீங்க?" என்று கேட்டேன். பதில் சொன்னது அந்த ஆள்தான். பள்ளிக்கூட பஸ் ஓட்டுபவராம், போன வருஷம் சிரிப்பு டாக்டர் ரோபோ வைத்து அவருக்கு இதே ஆபரேஷன் செய்திருக்கிறார். "அக்கா, இவரைக் கோவிச்சுக்காதீங்க. ஆஸ்பத்திரி வாசல்ல பழக்கமானாரு. தினமும் வந்து நான் சாப்பிடறதைப் பாக்கறாரு, ராத்திரி வலிக்குதா, வாந்தி வருதா, எத்தனை வாய் இறங்குதுன்னு கேட்டுக்கிட்டே இருக்காரு. எங்க வீட்டுக்காரிகூட இவ்வளவு கேக்கலை" என்றார். அதுபோக, சிடுமூஞ்சியிடம் ஆபரேஷன் செய்துகொண்ட சலவைக்கடை அம்மா வீட்டுக்கும் போய் அவர் சாப்பிடுவதைப் பார்த்திருக்கிறார் உன் அப்பா. அந்த அம்மா இவரைச் சாப்பாட்டுக்கு அலைகிற ஆள் என்று நினைத்துத் தட்டில் வேறு போட்டுக் கொடுத்தாராம். வீட்டுக்கு நடக்கும்போது உன் அப்பா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "ரெண்டு பேரும் ஒரே மாதிரிதான் சாப்பிடறாங்க. கொஞ்சமா, மெதுவா. நான் உத்து உத்துப் பாத்தும் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியல. எதுன்னு உனக்குச் சொல்ல முடியல" என்று சொல்லித் தெருவிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். டாக்டர் தனியா என்ன சொன்னாரு என்று கேட்டேன். "ஒண்ணும் சொல்லல. சொல்லியிருந்தா உன்கிட்ட மறைக்க எனக்கு வருமா?" என்றார். அது உண்மை, அவருக்கு வராது.

மறுநாள் அவருக்குச் சொல்லாமல் நான் தனியாகச் சிரிப்பு டாக்டரிடம் போனேன். காபி வேண்டாம் என்றேன். எனக்கு ரோபோ பற்றித் தெரிய வேண்டாம், உங்களைப் பற்றித் தெரிய வேண்டும், ரோபோவில் வயிற்று ஆபரேஷன் எவ்வளவு காலமாகச் செய்கிறீர்கள் என்று கேட்டேன். அப்போதுதான் அந்தச் சிரிப்பு முதல் தடவையாக நின்றது. எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். "வேற உறுப்புக்கு நிறையப் பண்ணியிருக்கேம்மா. வயித்துக்குப் போன வருஷம்தான் ஆரம்பிச்சேன். நல்லாத்தான் போயிட்டிருக்கு. கட்டி மேல்பக்கமா, இடுக்கான இடத்துல இருந்தா ரோபோவுக்கு ஒரு வசதி இருக்குன்னு நான் நினைக்கறேன். உங்களுக்கு இருக்கற இடத்துக்கு லேப்ராஸ்கோப்பியே போதும். அதுல என்னைவிட, பழைய ஆஸ்பத்திரியில பாத்தீங்களே, அவரு கை பழகின கை" என்றார். சிரிக்காதபோது நல்ல முகம்தான் அவருக்கு. அந்த நிமிஷம் எனக்கு அவர் மேல் முழு நம்பிக்கை வந்தது, பார்த்துக்கொள், வந்ததாலேயே அவரிடம் ஆபரேஷன் செய்துகொள்ள முடியாமல் போய்விட்டது.

சிடுமூஞ்சியையும் சும்மா விடவில்லை. உங்களுக்கு ஒரு ரோபோ கிடைத்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "இங்கயும் வாங்கப் போறாங்க. கத்துக்கிட்டுதான் இருக்கேன்" என்றார். அப்படியானால் எனக்கே செய்து பாருங்களேன் என்று சும்மா ஆழம் பார்த்தேன். அன்றைக்குத்தான் என் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். "கத்துக்கற கையை உங்க வயித்துல வெக்க மாட்டேன்" என்றார். துளை வழியாக முடியாவிட்டால் வயிற்றைத் திறந்துவிடுவேன், அதற்கும் சம்மதம் என்றால் வாங்க என்றார். சம்மதம் என்றேன்.

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது என்றுதானே உனக்குச் சொன்னோம். முடிந்தது, ஆனால் அதற்குப் பிறகு காய்ச்சல் வந்தது, அதை உன்னிடம் சொல்லவில்லை. நர்ஸ் பெண் என் வயிற்றில் விட்டிருந்த குழாயில் வடிவதைப் பார்த்துவிட்டு வேகமாக வெளியே போனாள், போன வேகமே எனக்குப் பிடிக்கவில்லை. ஒன்றும் இல்லம்மா, சகஜம்தான் என்றார்கள் வந்தவர்கள் எல்லாரும். கடைசியில் சிடுமூஞ்சி வந்தார், லீவு நாள் போலிருக்கிறது, வீட்டுச் சட்டையோடு. கட்டிலில் என் கால்மாட்டில் உட்கார்ந்து, "உள்ள தையல் போட்ட இடத்துல கசியுதோன்னு எனக்குச் சந்தேகம். ஸ்கேன் பாத்துடலாம். கசிஞ்சா மறுபடி உள்ள போக வேண்டி வரலாம்" என்றார். உன் அப்பா ஸ்கேன் எங்கே எடுப்பார்கள் என்று கேட்டுக்கொண்டே எழுந்துவிட்டார். எனக்கு என்னவோ அப்போதுதான் மூச்சு சீரானது. இத்தனை நாளும் நான் ஒருத்தி மட்டுமே சந்தேகப்பட்டுக்கொண்டு கிடந்தேன், இப்போது கூட ஒரு ஆள். ஸ்கேனில் கசிவு இல்லை, பக்கத்தில் கொஞ்சம் நீர் கட்டியிருந்தது, மருந்திலேயே வற்றிவிட்டது. வெட்டி எடுத்ததைச் சோதித்ததில் கட்டி முழுசாக வந்துவிட்டது, நெறிக்கட்டிகளில் பரவவில்லை, இப்போதைக்கு வேறு சிகிச்சை வேண்டாம், ஒழுங்காக வந்து காட்டிக்கொண்டிருந்தால் போதும் என்றார்கள். இப்போதைக்கு என்ற சொல்லைக் கவனித்தேன், கவனித்துக்கொண்டே இருப்பேன்.

இதைப் படித்ததும், ரோபோவா இருந்தா அந்தக் காய்ச்சல் வந்திருக்காதும்மா என்று நீ சொல்வாய். வந்திருக்காதோ என்னவோ. ஒரே வயிற்றை இரண்டு விதமாக வெட்டிப் பார்க்க யாராலும் முடியாது. பஸ் ஓட்டுபவர் அவர் வயிற்றோடு நன்றாக இருக்கிறார், நான் என் வயிற்றோடு இருக்கிறேன். ஒரு வேளைக்கு நாலு வாய்தான் இறங்குகிறது, அவசரப்பட்டால் தலை சுற்றி வேர்த்துக் கொட்டுகிறது, மசித்த உருளைக்கிழங்கைப் பார்த்தாலே வெறுப்பாக இருக்கிறது, உன் அப்பா எதிரில் உட்கார்ந்து நான் மெல்லுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அதை மட்டும்தான் தாங்க முடியவில்லை.

இப்போது இந்தக் கடிதத்தை எதற்காக எழுத உட்கார்ந்தேனோ அதற்கு வருகிறேன். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் என்னிடம் பிள்ளைகள் உண்டா என்று கேட்டார். இந்த நோய்க்கு வயிற்றில் தங்குகிற ஒரு கிருமியும் காரணமாக இருக்கலாம், பெற்றவளுக்கு வந்திருப்பதால் பெண்ணையும் ஒரு தடவை சோதித்துக்கொள்ளச் சொல்லுங்கள், கிருமி இருந்தால் மாத்திரையிலேயே போய்விடும் என்றார். அன்றைக்கே உனக்குச் சொன்னேன். மறு வாரமே, பாத்துட்டேம்மா, ஒண்ணும் இல்லையாம் என்றாய். எவ்வளவு நேரம் ஆனது, எந்த டாக்டர், என்ன சோதனை என்று கேட்டதற்கு, சூப்பர் டாக்டர்ம்மா, ரொம்ப மரியாதையானவர் என்று சொல்லிப் பேச்சை மாற்றினாய். மரியாதையைப் பற்றி நான் கேட்கவே இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசினாயே, உன் முகத்தை மட்டும்தான் பார்த்தேன் என்று நினைத்தாயா. உனக்குப் பின்னால் அலமாரியில், புத்தகத்துக்குப் பக்கத்தில், நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கிற இளஞ்சிவப்பு மருந்து பாட்டில் நின்றது. நானும் மாதக்கணக்கில் அதைத்தான் குடித்துக்கொண்டிருந்தேன், ஆஸ்பத்திரிக்குப் போகாமல். உன் பாட்டில் பாதி காலி.

கோபம் இல்லை கண்ணே. இந்த வாரமே போ. மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போ, நீ தனியாகப் போனேன் என்றால் நான் நம்ப மாட்டேன். நீ நூறு வயது இருக்க வேண்டும், உன் வயிறு முழுசாக உன்னிடமே இருக்க வேண்டும், உங்கள் இருவருக்கும் எங்கள் ஆசி எப்போதும் உண்டு. சோதனை முடிவை வாயால் சொல்லாதே, காகிதத்தைப் படம் எடுத்து அனுப்பு, அதில் உன் பெயரும் தேதியும் தெரிய வேண்டும்.

உன்னை நம்ப ஆசைப்படுகிற,
அம்மா