கேட்டதாகச் சொன்னேன்

என் செல்லாயிக்கு,

நீ இருந்தவரைக்கும் உன் பெயரைச் சொல்லி நான் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. 'ஏ புள்ள' என்றால் நீ, 'ஏங்க' என்றால் நான். கல்யாணமான மறுநாள் தொடங்கியது, கடைசி வரைக்கும் அப்படியே ஓடிவிட்டது. இப்போது கடுதாசி எழுத உட்கார்ந்தால் பெயர் வேண்டியிருக்கிறது. எழுதிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது, முன்னமே கூப்பிட்டிருக்கலாம்.

உனக்குப் படிக்கத் தெரியாது, எனக்கு எழுதிப் பழக்கமில்லை. ஜாடிக்கேற்ற மூடி. இருந்தாலும் எழுதுகிறேன். உன் தலைத் திவசம் முடிந்து நான்கு நாளாகிறது. உன்னிடம் சொல்ல வேண்டிய சேதி ஒன்று இருக்கிறது. அதை வேறு யாரிடமும் சொல்லி ஆகப்போவதில்லை.

முதலில் வீட்டுச் சேதி. ரேடியோவுக்கு இழுத்த ஏரியல் கம்பி தென்னைக்கும் புளியமரத்துக்கும் நடுவில் இன்னும் அப்படியே இருக்கிறது. அதில் ஈரச்சேலையைக் காயப்போட்டாய் என்று ஒருநாள் எப்படிக் கத்தினேன்! இப்போது என் வேட்டி அதில்தான் காய்கிறது. சிரித்துக்கொள். செவலைப் பசுவைப் பக்கத்து வீட்டுச் சரசு டீச்சரிடம் விட்டுவிட்டேன். அது இன்னும் காலையில் நம் வாசலுக்கு வந்து நின்றுவிட்டுத்தான் போகிறது.

தொழில் குறைவில்லை. கறம்பக்குடியைச் சுற்றி எந்த ஊரில் கல்யாணம், காதுகுத்து என்றாலும் நம் மைக் செட்தான். ஆனால் வேலை முடிந்து வீட்டுக்கு வருகிறேன் பார், அதுதான் முடியவில்லை. உள்ளூர் வேலை என்றால் நான் செருப்பைக் கழற்றும்போதே நீ சொல்வாய்: "இன்னிக்கி வீடு வரைக்கும் கேட்டுச்சுங்க." காற்று எதிர்த்து அடித்த நாளில், "இன்னிக்கி அவ்வளவாக் கேக்கலைங்க" என்பாய். அன்று எனக்குச் சோறு இறங்காது. இப்போது பூட்டைத் திறந்து உள்ளே வந்தால் கேட்டது என்று சொல்லவும் ஆள் இல்லை, கேட்கவில்லை என்று சொல்லவும் ஆள் இல்லை. ஊருக்கே கேட்கும்படி சத்தம் வைத்துப் பிழைப்பவன், வீட்டுக்குள் ஒரு நாளைக்கு நான்கு வார்த்தை பேசினால் அதிகம். அதிலும் இரண்டு வார்த்தை பூனையிடம்.

சேதிக்கு வருகிறேன். உன் தம்பி வந்திருக்கிறான். ஆமாம், அடைக்கலம்தான். மலேயாவுக்குக் கப்பல் ஏறிப் போனவன், உன் திவசத்துக்கு வந்து நிற்கிறான்.

அவன் போன கதையை நாம் இரண்டு பேரும் வாய்விட்டுப் பேசியதே இல்லை. இன்று நான் பேசுகிறேன். நம் கல்யாணத்தின்போது உன் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வந்த தாயில்லாப் பிள்ளை. நமக்கென்று ஒன்று பிறக்காததால் அவனே நம் பிள்ளையாக வளர்ந்தான். ஆளானதும் என்னோடு மைக் செட் வேலைக்கு வந்தான். திருவரங்குளத்தில் ஒரு கல்யாணம். அவன் கட்டிய மூங்கில் சரிந்து, புது ஸ்பீக்கர் குழாய் ஒன்று கீழே விழுந்து நெளிந்துவிட்டது. என் கோபம்தான் உனக்குத் தெரியுமே, மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்கும். ஆம்ப்ளிஃபையர் மேசைக்குப் பக்கத்தில் நின்றபடியே கத்தினேன். "திங்கவும் தூங்கவுந்தான்டா நீ லாயக்கு. அக்கா வீட்டுச் சோத்துல ஒடம்ப வளத்த தண்டம்!"

மைக்கை அணைக்க மறந்திருந்தேன், செல்லாயி. விழாமல் மிச்சமிருந்த மூன்று குழாயிலும் அது போனது. பந்தியில் உட்கார்ந்திருந்தவர்கள் இலையிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். அவன் மூங்கிலைப் பிடித்தபடியே நின்றான். அடுத்த மாதம் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிவிட்டான்.

நீ அழுதாய். ஆனால் என்னைத் திட்டவில்லை. ஒரே ஒரு தடவை, அரிசி புடைத்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாய்: "கொஞ்சம் மெதுவாத் திட்டியிருக்கலாம்ல." அதற்குமேல் நீ ஏதாவது சொல்லியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

பிறகு அவனிடமிருந்து நீலக் கடுதாசிகள் வந்தன. நான்தான் உனக்குப் படித்துக் காட்டினேன். 'அக்காவுக்கு' என்று தொடங்கி, முடிவில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்லச் சொல்வான். சரசு டீச்சரைக் கேட்டதாகச் சொல்லவும். வண்ணாரத் தெருச் சித்தப்பாவைக் கேட்டதாகச் சொல்லவும். செவலையைக் கேட்டதாகச் சொல்லவும். மாட்டைக்கூடக் கேட்டான், என்னைக் கேட்கவில்லை. படித்து முடித்ததும் நீ, "அம்புட்டுத்தானா?" என்பாய். "அம்புட்டுத்தான்" என்று மடித்து வைப்பேன்.

அப்படி வந்த கடுதாசி ஒன்றில்தான் அந்த ரேடியோச் சேதி இருந்தது. அங்கே இருக்கிற நம் ஆட்களை ரேடியோவில் ஊர்க்காரர்களுக்கு இரண்டு வார்த்தை பேசவிடுகிறார்கள், வருகிற மாசத்து இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை தன் முறை, நம் ஊர் நேரத்துக்குச் சாயங்காலம் ஐந்தரை மணி, அக்கா கட்டாயம் கேட்க வேண்டும் என்று எழுதியிருந்தான். நீ அன்றைக்குக் கடுதாசியை வாங்கி முகர்ந்து பார்த்தாய்.

நான் சும்மா இருப்பேனா? திருச்சிக்குப் போய்ப் பழைய வால்வு ரேடியோ செட் ஒன்று வாங்கி வந்தேன். தபாலாபீசில் லைசென்சும் எடுத்தேன். ஸ்டேஷன் நன்றாகச் சிக்கினால் மூடிக்கொள்ளும் ஒரு பச்சைக் கண் அதில் இருந்தது, நினைவிருக்கிறதா? "இதுக்கு உசிரு இருக்குங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டாய். திருச்சியும் கொழும்பும் வந்தால் கண் மூடும். மலேயாவுக்குத் திருப்பினால் முழித்தது முழித்தபடி இருக்கும். உள்ளே கடாயில் எண்ணெய் காய்கிற மாதிரி ஒரு இரைச்சல், அதற்கு அடியில் எங்கோ யாரோ பேசுகிற மாதிரி ஒரு முனகல்.

புதுக்கோட்டையில் ரேடியோ பழுது பார்க்கும் அந்தோணிசாமியிடம் போனேன். அவன் படித்துப் படித்துச் சொன்னான். "அண்ணே, வர்ற சத்தமே நோஞ்சானா வருது. செட்டுக்குப் பின்னாடி நீங்க எம்புட்டுக் கூட்டுனாலும் இரைச்சலுஞ் சேந்துதான் கூடும். ஏரியல் கம்பி எறங்குற எடத்துலயே, செட்டுக்கு முன்னாடி, ஒத்த வால்வுல சின்னப் பொட்டி ஒண்ணு போட்டுத் தாரேன். அது தூக்கி விட்டுரும்."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "பக்கத்து ஊரு வரைக்குங் கேக்குற ஆம்ப்ளிஃபையர் வச்சிருக்கேன். எனக்குச் சின்னப் பொட்டியாடா?" என்று வந்துவிட்டேன். மைக் செட்காரன் புத்தி. கேட்கவில்லை என்றால் கூட்டு, இன்னும் கேட்கவில்லை என்றால் இன்னும் கூட்டு. வேறு எதுவும் நமக்குத் தெரியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நம் வாசலில் தெருவே கூடியது. நான்தான் வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டேன். ரேடியோவின் பின்னால் ஆம்ப்ளிஃபையரை மாட்டி, வேப்பமரத்தில் பெரிய குழாயைக் கட்டியிருந்தேன். நீ தலை வாரிப் பூ வைத்து, அவன் எதிரிலேயே வரப்போகிற மாதிரி நின்றாய். ஐந்தரை ஆனது. கூட்டினேன். ஐயோ, அந்தச் சத்தம்! ஆற்று மணலை லாரியிலிருந்து தலையில் கொட்டுகிற மாதிரி. கோழிகள் சிதறி ஓடின, குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டன. அதற்குள் ஒரு ஆம்பிளைக் குரல் வந்தது. குரல் என்று தெரிந்தது, ஒரு சொல் பிடிபடவில்லை. நீ குழாய்க்கு நேர் கீழே போய், கையைக் காதில் குவித்துக்கொண்டு நின்றாய். நான் இன்னும் கூட்டினேன். பிறகு அதுவும் நின்றுவிட்டது.

நீ என் பக்கம் திரும்பினாய். தெருவே என் பக்கம் திரும்பியது. "எனக்கு ஒண்ணும் வெளங்கலைங்க. ஒங்களுக்குக் கேட்டுச்சா? தம்பி என்ன சொன்னான்?"

எனக்கும் கேட்கவில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். நூறு பேர் முன்னால் வாய் வரவில்லை. "கேட்டுச்சு புள்ள" என்றேன். "அக்கா, நான் நல்லாருக்கேன், ஒடம்பப் பாத்துக்கன்னான்." அதோடு நிறுத்தியிருக்கலாம். நான் நினைக்காமலே அடுத்தது வந்து விழுந்தது. "மச்சானைக் கேட்டதாச் சொல்லுன்னான்."

நீ என்னை ஒரு நிமிஷம் பார்த்தாய். "அப்படியா" என்றாய். விளக்கேற்ற நேரமாகிவிட்டது என்று உள்ளே போனாய். அன்று இரவு எனக்கு இரண்டு தோசை கூடுதலாக வைத்தாய். தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று மாதம் கழித்து வந்த நீலக் கடுதாசியில், எல்லாரையும் கேட்ட வரிக்குக் கீழே, 'மச்சானைக் கேட்டதாகச் சொல்லவும்' என்று எழுதியிருந்தது. நான் படித்துவிட்டு அப்படியே நிறுத்தினேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது, நீ பார்க்கவில்லை என்று நினைத்தேன். "இன்னொரு தடவ படிங்க" என்றாய். படித்தேன். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு கடுதாசியிலும் அந்த வரி இருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒருவேளை அவன் அன்றைக்கு ரேடியோவிலும் அதைத்தான் சொல்லியிருப்பான், நான் சொன்னது பொய்யே இல்லை என்றுகூட நம்பத் தொடங்கிவிட்டேன்.

அந்தச் சந்தோஷத்தில்தான் அந்தோணிசாமியிடம் தலைகுனிந்து போய்ச் சின்னப் பெட்டியை வாங்கி வந்தேன். கம்பி இறங்குகிற இடத்தில் மாட்டியதும் பச்சைக் கண் பாதிக்குமேல் மூடியது. மலேயா கேட்டது. ஞாயிறு தவறாமல் இரண்டு பேரும் உட்கார்ந்து கேட்டோம். யார் யாரோ அவரவர் வீட்டுக்குப் பேசினார்கள். நம் வீட்டுக்கு யாரும் பேசவில்லை. காமாலை முற்றிக் கண் திறக்க மாட்டாமல் கிடந்த அந்தக் கடைசி ஞாயிற்றுக்கிழமைகூட, "கேக்குதா புள்ள?" என்றேன். "கேக்குதுங்க" என்றாய்.

இப்போது அடைக்கலம். பஸ்சை விட்டு இறங்கி, "மச்சான்" என்றான். முன்தலை நரைத்திருக்கிறது. திவசம் முடிந்த மறுநாள் பெட்டியைத் திறந்து ஒரு கடுதாசியை எடுத்து என் கையில் கொடுத்தான். சரசு டீச்சர் எழுத்து. நீ சொல்லச் சொல்ல ஒரு சொல் மாற்றாமல் எழுதியிருக்கிறார்கள்.

"தம்பி, அன்னிக்கி ரேடியோவுல நீ பேசுனது எனக்கு ஒரு சொல்லுங் கேக்கல. ஒன் மச்சானுக்குங் கேக்கல. ஆனா நீ அவரக் கேட்டதாச் சொன்னாரு. அது பொய்யின்னு எனக்குத் தெரியும். நீ கேட்டிருக்க மாட்ட. ஊரு முன்னால அவரு வாயில அந்தச் சொல்லுதான் வந்துச்சு. அப்ப அந்த மனுசன் அதுக்கு எம்புட்டு ஏங்கியிருக்காருன்னு பாத்துக்க. அடுத்த காயிதத்துல அவரக் கேட்டு ஒரு வரி எழுதிரு. நான் சொன்னேன்னு அவருக்குத் தெரிய வேணாம்."

படித்துவிட்டு மடித்தேன். அவன் மெதுவாகச் சொன்னான். "அன்னிக்கி நான் பேசவே இல்ல மச்சான். ஒரே கூட்டம். என் மொற வர்றதுக்குள்ள நேரம் முடிஞ்சிருச்சு."

அப்படியானால் நீ காதைக் குவித்துக் கேட்டது யாரோ ஒருவன், வேறு யாருக்கோ பேசியது.

"அப்ப அந்த வரிய நீயா எழுதலையாடா?" என்று கேட்டேன். அவன் தரையைப் பார்த்தான். "மொதல்ல அக்கா சொன்னாளேன்னுதான் எழுதுனேன். அப்பறம் கை தானா எழுதிருச்சு."

செட்டுக்கு முன்னாடியே சரிசெய்யணும் என்று அந்தோணிசாமி சொன்னதை நான் நெடுநாள் கழித்துத்தான் கேட்டேன். நீ அவனைப் பார்த்ததுகூட இல்லை. வாசலில் நின்று நான் சத்தத்தைக் கூட்டிக்கொண்டிருந்தேன், நீ யாருக்கும் தெரியாமல் சத்தம் புறப்படுகிற இடத்துக்கே போய்ச் சரிசெய்துவிட்டாய். தெரிந்துகொண்டே எப்படி என்னிடம் 'இன்னொரு தடவ படிங்க' என்றாய்? கடைசியாகக் 'கேக்குதுங்க' என்றாயே, அது நிஜமாகவே கேட்டதா? இல்லை, அதுவும் எனக்காகத்தானா? இதை இனி நான் யாரிடம் போய்க் கேட்பது?

இவ்வளவுக்கும் நான் அவனிடம் இன்னும் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவில்லை. நான்கு நாளாக நெஞ்சு வரைக்கும் வருகிறது, அங்கேயே நின்றுவிடுகிறது. வெள்ளிக்கிழமை அவன் திரும்பிப் போகிறான். இனி எப்போது வருவானோ, அப்போது நான் இருப்பேனோ.

நாளைக்குத் திருவரங்குளத்தில் ஒரு கல்யாணம். அதே ஊர்தான். "நானும் வாரேன் மச்சான், குழாய் கட்ட" என்று அவனாகவே சொன்னான். இப்போது உள்ளே உட்கார்ந்து கயிறு சுற்றிக்கொண்டிருக்கிறான்.

உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். தாலி கட்டி முடிந்து பந்தி தொடங்கியதும், அவன் பக்கத்தில் நிற்கும்போதே, மைக் ஓடுகிறதா என்று தட்டிப் பார்த்துவிட்டுச் சொல்வேன். 'அடைக்கலம், அன்னிக்கி நான் சொன்னது தப்புடா' என்று சொல்வேன். திட்டியது மூன்று குழாயில் போனது, மன்னிப்பு மட்டும் காதோடு காதாகப் போனால் அது நியாயமில்லை. சாப்பிடுகிறவர்கள் தலையைத் தூக்கிப் பார்க்கட்டும்.

ஒரு குழாயைக் கறம்பக்குடிப் பக்கமாகத் திருப்பிக் கட்டச் சொல்லப்போகிறேன். அவ்வளவு தூரம் கேட்காது. எனக்குத் தெரியாதா? சாயங்காலம் நான் வந்து பூட்டைத் திறக்கும்போது, வழக்கம்போல ஒரு சொல் பொய் சொல்லிவிடு, புள்ள.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்,
அடைக்கலத்தின் மச்சான்.