வெள்ளிக்கிழமை நண்டு

3 மார்ச் 2025, திங்கள்

நாம் கொடுக்காத பிள்ளையை இன்னொருத்தி தத்தெடுக்க முடியுமா? எனக்குப் பதில் தெரியவில்லை.

என் மகள் வினுஷாவுக்கு இருபத்தொரு வயது. பல்கலைக்கழக ஆய்வுக்காக மலேசியாவின் ஜொகூர் கரையிலுள்ள கடல் பழங்குடிக் குடியிருப்புக்குப் போனவள், படிப்பை விட்டுவிட்டாள். இப்போது பெரும்பாலும் அங்கேதான். தீமா என்ற மீனவப் பெண் அவளை ஊரறிய மகளாக்கிக்கொண்டிருக்கிறாள். இங்கே சிங்கப்பூரில், மார்சிலிங்கில் நின்றால் அந்தக் கரை தெரியுமாம். நான் போய் நின்றதில்லை.

9 மார்ச், ஞாயிறு

ஃபோன் செய்தாள். இனித் தனியாகப் படகெடுக்கலாமாம். தனியாகப் பிடிக்கும் முதல் நண்டைத் தாயிடம் கொடுக்க வேண்டும். தாய் அன்றே சமைத்துச் சாப்பிட வேண்டும். அப்போதுதான் அவள் பெரியவள். தீமா வீட்டு வழக்கம்.

“எந்தத் தாய்?” என்றேன்.

“மா, டோன்ட் ஸ்டார்ட் லா. உங்கம்மாகிட்டதான் கொண்டு போகணும்னு தீமாவே சொல்லிட்டாங்க.”

இப்படி எத்தனையோ சடங்குகளைப் படித்திருக்கிறேன். எதையும் நம்பியதில்லை. ஆனாலும் நண்டுக் குழம்புக்குச் சரக்குத்தூள் இருக்கிறதா என்று பார்த்தேன்.

11 மார்ச்

மழை. அவள் கடலில் இருப்பாளோ?

14 மார்ச், வெள்ளி

மாலையில் வந்தாள். கறுத்துப்போயிருந்தாள். கையில் வாளி, உள்ளே கயிறு கட்டிய நண்டு, உயிரோடு. கதவைத் திறந்ததும் என் வாயில் வந்தது: “ஐயோ, இன்னிக்கு வெள்ளிக்கிழமை. நாளைக்குச் சமைக்கிறேன்.”

கோயிலுக்கே போகாதவள் நான். வெள்ளிக்கிழமை மட்டும் மரக்கறி. அம்மா வீட்டுப் பழக்கம். ஏன் என்று யோசித்ததே இல்லை.

என் கணவர் உமாசுதன் சோபாவிலிருந்து சிரித்தார். “சாமியே இல்லங்கிறவ, வெள்ளிக்கிழமை மட்டும் பக்தை!” என்னைக் கிண்டலடிக்க நல்ல நேரம் பார்த்தார்.

மகள் சிரிக்கவில்லை. “இன்னிக்கே சாப்பிடணும்னு சொன்னேன்ல மா.”

“ஒரு நாள்தானே, ஃப்ரிட்ஜில வச்சு...”

“இட்ஸ் ஓகே. தீமாகிட்ட கொண்டு போறேன்.”

லிஃப்ட் மூடிக்கொண்டது. ஏன் கூப்பிடல நான்? ஒரு நண்டு— சமைச்சுத் தின்னிருந்தா என்ன ஆயிருக்கும்?

15 மார்ச், சனி

சோதனைச் சாவடியில் வரிசையில் நின்று அக்கரைக்குப் போனேன். தீமா எழுந்து வந்து என் கைகளைப் பிடித்துக்கொண்டாள். நண்டை நேற்றே சாப்பிட்டுவிட்டாளாம். முகத்தில் வென்ற களிப்பு இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

வினுஷா படகிலிருந்து இறங்கி வந்தாள். கோபமே இல்லை. உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து, துணியால் துடைத்துப் போட்டாள்.

“உக்காருங்க மா.”

பிறகு தரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெண்களோடு போய் உட்கார்ந்துகொண்டாள்.