இரைச்சல் நீக்கித் தரப்படும்

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான் நலம், அப்பா நலம், மாடிக் குழாய் மட்டும் நலமில்லை, ஒழுகுகிறது. நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் பிஸியா இருக்கேன்மா என்பாய், அதனால் பிஸியாகவும் நலமாகவும் இருக்கிறாய் என்று நானே எடுத்துக்கொள்கிறேன். மருமகளும் குட்டியும் சௌக்கியமாக இருக்க வேண்டும். இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. ஃபோனில் பேசினால் நீ ம் ம் என்று சொல்லிக்கொண்டே கம்ப்யூட்டரைத் தட்டுவது எனக்கு நன்றாகவே கேட்கிறது. அதோடு தொண்டை ஆபரேஷனில் உன் அப்பாவுக்குப் பேச்சு போனதே தவிர காது இன்னும் கூர்மையாகிவிட்டது, நான் எந்த மூலையில் நின்று முணுமுணுத்தாலும் வெள்ளைப் பலகையைத் தூக்கிக்கொண்டு பதில் எழுத வந்துவிடுகிறார். இது அவர் காதுபடப் பேசக்கூடிய விஷயம் இல்லை.

குட்டிக்குக் காட்டணும், பழைய வீடியோ கேசட்டையெல்லாம் டிஜிட்டல் பண்ணி அனுப்புங்க என்று நீ உத்தரவு போட்டாய். உத்தரவு போடுகிற விஷயத்தில் நீ அப்படியே உன் அப்பா. கூடவே நாலைந்து கம்பெனிகளின் விலாசத்தையும் அனுப்பி, ரிவ்யூ படிச்சுட்டுக் குடுங்கம்மா, யார்கிட்டயாவது ஏமாந்துடாதீங்க என்று புத்திமதி வேறு. உன் முதல் யோசனை, அட்டைப்பெட்டி அனுப்புவார்கள், அதில் கேசட்டுகளை அடுக்கித் தபாலில் போட்டுவிட வேண்டும் என்பது. உன் அம்மா ரிட்டயர் ஆகும்வரை தபாலாபீஸில் பார்சல் பிரித்தவள் என்பது உனக்கு மறந்துவிட்டது போலிருக்கிறது. உடையும் பொருள் என்று சிவப்பு மையில் எழுதியிருந்தால் நாங்கள் இன்னும் கொஞ்சம் அக்கறையோடு எறிவோம், அவ்வளவுதான் வித்தியாசம். அந்த யோசனையை அன்றைக்கே கை கழுவிவிட்டேன்.

இதற்குள் உன் சித்தப்பாவுக்கு மூக்கு வியர்த்துவிட்டது. எதுக்கு அண்ணி கடைக்கெல்லாம், நானே பண்ணித் தரேன், ஒரு ஒயர் இருந்தா போதும் என்று வந்து நின்றார். அவருக்கு எல்லாமே ஒரு ஒயர்தான். நல்லவேளை, முதலில் உங்கள் வீட்டு கேசட்டில் செய்து காட்டுங்கள் என்று சொன்னேன். யாரோ தூக்கிப் போட்ட டெக் ஒன்றைப் பிடித்து வந்து, அவருடைய கல்யாண கேசட்டை உள்ளே தள்ளினார். அது மாலை மாற்றுகிற இடம் வரை சமர்த்தாக ஓடிவிட்டுக் கரகரவென்று டேப்பை மென்று துப்பிவிட்டது. சித்தி இன்றைக்கும் அவரோடு பேசுவதில்லை. மனிதர் ஒரு சுற்றுப் பெருத்து முகம் தெளிந்து இருக்கிறார்.

அப்புறம்தான் நீ நட்சத்திரம் எண்ணிப் பார்த்துத் தேர்ந்தெடுத்த அந்தப் பெரிய கம்பெனிக்குப் போனேன். கண்ணாடிக் கதவு, உள்ளே ஸ்வெட்டர் கேட்கிற குளிர், மேசைமேல் யாரும் தொடக்கூடாத பூ. கழுத்தில் அடையாள அட்டை தொங்கிய ஒருவர், மேடம் உங்க நினைவுகள் எங்களுக்குப் பொக்கிஷம் என்று என்னைப் பார்க்காமலே சொன்னார். சுவரில் பெரிய எழுத்தில் கறை நீக்கித் தரப்படும், நடுக்கம் நீக்கித் தரப்படும், இரைச்சல் நீக்கித் தரப்படும் என்று எழுதியிருந்தது. நல்லதுதானே என்று நானும் தலையை ஆட்டினேன். மாதிரிக்கு ஒன்று இலவசம் என்றார்கள். நீ சைக்கிள் பழகிய கேசட்டைக் கொடுத்தேன்.

உன் அப்பா படம் பிடித்த லட்சணம் உனக்கே தெரியும். எந்தப் படத்திலும் அவர் முகம் இருக்காது, எல்லாப் படத்திலும் வாய் இருக்கும். டிரைவிங் ஸ்கூலில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து ஆயுசு முழுக்கக் கத்திய பழக்கம், காமிராவைத் தோளில் வைத்தாலும் விடவில்லை. இடது பக்கம் வா, இன்னும் கொஞ்சம், நில்லு, என்னைப் பார்க்காதே ரோட்டைப் பாரு, டேய் தவக்களை பிரேக்கைப் பிடிடா. அந்தக் கத்தலுக்குப் பயந்தே நீ நேராகப் போய்ப் பக்கத்து வீட்டுக் கேட்டில் மோதினாய். நம் வீட்டில் பிறந்தநாள் கேக் வெட்டுவதுகூட ஒரு லாரியைப் பின்னால் எடுப்பது மாதிரிதான் நடந்தது.

கம்பெனிக்காரர்கள் அனுப்பியதை டிவியில் போட்டேன். படம் பளிச்சென்று இருந்தது, மறுக்க மாட்டேன். அப்பா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். நீ சைக்கிளில் வருகிறாய், மெதுவாக, மிக மெதுவாக, பின்னணியில் யாரோ பியானோ வாசிக்கிறார்கள். நீ கேட்டில் மோதி விழுகிறாய், அப்போதும் பியானோ. அப்பா பலகையில் சவுண்டை வைக்கலையா என்று எழுதிக் காட்டினார். வைத்தேன். பியானோதான் கூடியது. அவர் குரலை ஒட்டத் துடைத்து எடுத்துவிட்டிருந்தார்கள். அப்பா பலகையை நாற்காலியில் போட்டுவிட்டு எழுந்துபோய், காலையில் தண்ணீர் ஊற்றிய செடிக்கே மறுபடி ஊற்றிக்கொண்டு நின்றார்.

அதே வீடியோ உனக்கும் வந்தது. பார்த்துவிட்டு நீ அனுப்பிய செய்தி இன்னும் என் ஃபோனில் இருக்கிறது. சூப்பர்மா, சத்தமே இல்லாம கிளீனா இருக்கு, மொத்தத்தையும் இவங்ககிட்டயே குடுத்துடுங்க. பக்கத்தில் கட்டைவிரல் வேறு. நீ கெட்டவன் இல்லை, அது எனக்குத் தெரியும். படிக்கட்டில் இறங்கிக்கொண்டே பார்த்திருப்பாய். ஆனாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உன்னைப் பெற்றவர் குரல் ஒரு படத்திலிருந்து காணாமல் போயிருக்கிறது, உனக்கு அது கிளீன்.

மறுநாள் கம்பெனிக்குப் போய் நின்றேன். அட்டைக்காரர், அது பேக்ரவுண்ட் நாய்ஸ் மேடம், ஸாஃப்ட்வேர் தானா எடுத்துடும், அதுதான் பிரீமியம் என்றார். அந்த நாய்ஸோடுதான் நான் குடும்பம் நடத்தினேன், அதை எடுக்காமல் தர என்ன பேக்கேஜ் என்று கேட்டேன். மானேஜரைக் கேட்டு வருகிறேன் என்று உள்ளே போனவர் போனவர்தான். நான் கேசட்டை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன்.

கடைசியில் மருந்துக்கடைக்குப் பக்கத்தில் பாஸ்போர்ட் போட்டோ எடுக்கிற ஸ்டூடியோவில் கொடுத்தேன். அதை நடத்துகிற அம்மாளுக்கு நினைவுகளும் கிடையாது பொக்கிஷமும் கிடையாது, மரியாதையும் அவ்வளவாகக் கிடையாது. கேசட்டை மோந்து பார்த்துவிட்டுப் பூஞ்சை பிடிச்சிருக்கு, லேட்டாகும், ஃபோன் பண்ணி உயிரை எடுக்காதீங்க என்றாள். சொன்ன தேதிக்குத் தரவில்லை. தந்தபோது உன் காலேஜ் முதலிலும் உன் தொட்டில் கடைசியிலுமாக இருந்தது. ஆனால் நடுவில் ஒருநாள் அவளே கூப்பிட்டு, எல்லாத்துலயும் ஒரு ஆளு கத்திக்கிட்டே இருக்காரே, இருக்கட்டுமா எடுக்கவா என்று கேட்டாள். அவருக்காகத்தாம்மா இவ்வளவும் என்றேன். அவள் சரி என்று வைத்துவிட்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமை போட்டுப் பார்த்தோம். முதல் வார்த்தையே என் தலையில்தான். குறுக்கே நிக்காதே, இடது பக்கம் போ என்று டிவியிலிருந்து ஒரு சத்தம். காப்பி டம்ளரோடு நின்றுகொண்டிருந்த நான் சடாரென்று இடது பக்கம் நகர்ந்துவிட்டேன். அப்பா அதைப் பார்த்துவிட்டார். சத்தமே வராமல், தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். எனக்கும் அழுகை வந்துவிட்டது, மறைக்க என்ன இருக்கிறது. வாயை மூடுங்க என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன், இப்போது ரிமோட் கையில் இருந்தும் குறைக்க மனசு வரவில்லை. பிறகு அவர் பலகையை எடுத்து, நான் இவ்வளவு சத்தமாவா பேசுவேன் என்று எழுதினார். இதைவிட மோசம் என்றேன்.

எல்லாவற்றையும் உனக்கு அனுப்பியாகிவிட்டது. குட்டி பிறப்பதற்கு முன்பே ஆபரேஷன் நடந்துவிட்டதால் அவளைப் பொறுத்தவரை தாத்தா என்றால் ஃபோனுக்குள் கையாட்டுகிற ஒருத்தர். பேசாத ஆளை அவள் எவ்வளவு நேரம் பார்ப்பாள், ஓடிவிடுகிறாள், குழந்தையைச் சொல்லி என்ன பயன். அவளை மடியில் உட்காரவைத்து முழுச் சத்தத்தில் போடு. கத்துவது தாத்தா, திட்டு வாங்குவது அப்பா என்று சொல்லிக்கொடு. நீ தவக்களையாக இருந்த விவரம் மருமகளுக்குத் தெரிந்துவிடும், பரவாயில்லை.

மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் தீர்க்காயுசாக இருங்கள். நேரத்துக்குச் சாப்பிடு, படிக்கட்டில் ஃபோனைப் பார்த்துக்கொண்டு இறங்காதே. முக்கியமான ஒன்று. போன தடவை வைக்கிறேன்பா, மீட்டிங் என்று நீ சொன்னபோது அப்பா பலகையில் எழுதிக்கொண்டிருந்தார். அவர் திருப்பிக் காட்டுவதற்குள் நீ போய்விட்டாய். குழந்தைக்குச் சளி எப்படி இரு என்கிற வரை எழுதியிருந்தார், மீதியை எழுதவில்லை, அழிக்கவும் இல்லை. இனிமேல் கூப்பிடும்போது அவர் எழுதி முடிக்கும்வரை வைக்காதே.

உன்மேல் கோபமும் அதைவிட அதிகமாகப் பாசமும் உள்ள,
அம்மா