இரண்டு நன்றிப் பக்கங்கள்

ஞாயிறு, 8

விடிந்ததிலிருந்து மழை. தாளெல்லாம் ஈரம். போட்டோகாப்பி மெஷின் மூன்றுக்கு ஒரு தாளைக் கடித்துத் துப்புகிறது. சாங்லூனில் பைண்டிங் கடை போட்டுப் பதினாறு வருஷம். ஒரு மழைக்காலமாவது இது ஒழுங்காக ஓடியதா? இல்லை.

செய்ய வேண்டியவை: கம் இரண்டு டின். கட்டிங் மெஷின் கத்தி தீட்ட. பல் டாக்டர் (போகப்போவதில்லை, தெரியும்).

பத்து மணிக்கு பாஸிம் வந்தான். பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்யும் காஸாக்காரன். நான்கு வருஷமாக எல்லாம் நம் கடையில்தான் அடிக்கிறான். பேச்சு பாதி மலாய், பாதி இங்கிலீஷ். என்னைக் கூப்பிடுவது காக், மலாயில் அக்கா. இங்கே தமிழில் எழுதிக்கொள்கிறேன். பெண்டாங் வயல்களுக்கு முறை வைத்துத் தண்ணீர் விடுவதைப் பற்றி முந்நூறு பக்க ஆய்வேடு. ஐந்து பிரதி, ஹார்ட் கவர், தங்க எழுத்து. வியாழன் மதியத்துக்குள் பல்கலைக்கழக ஆபீசில் கொடுத்தாக வேண்டும். இங்கே வெள்ளி, சனிதான் வார லீவு.

பென்டிரைவில் நன்றிப் பக்கம் மட்டும் இரண்டு. எதற்கு இரண்டு என்று கேட்டேன்.

"ஒண்ணு, அம்மா இருந்தா. இன்னொண்ணு, இல்லேன்னா. எப்பக்குள்ள சொல்லணும், காக்?"

காஸாவில் அம்மா இருந்த இடத்தில் குண்டு விழுந்திருக்கிறது. ஒன்பது நாளாக ஃபோன் போகவில்லை. தங்கை லீனா வேறு ஊரில், புருஷன் வீட்டில். அவள் பத்திரம் என்று செய்தி வந்துவிட்டதாம். அம்மாதான் தெரியவில்லை.

"கம் காய ஒரு ராத்திரி வேணும்பா. புதன் சாயங்காலம்," என்றேன். வேறு என்ன சொல்வது என்று தெரியாமல் தாளை எண்ண ஆரம்பித்தேன். என் மேலேயே எரிச்சல்.

திங்கள், 9

வெயில். மெஷின் சமர்த்து.

பக்கத்துக் கடை காக் ரோஸ் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தோடு ஒரு மனுவும் கொண்டுவந்தாள். இருநூறு பிரதி வேண்டும். எம்.பி.க்குப் போகிறது. அடிக்கும்போது படித்தேன். சண்டைக்கு ஆயுதம் கொடுப்பதை நிறுத்தச் சொல்லி நம் அரசாங்கம் பேசட்டும். இரண்டு தரப்பையும் உட்காரவைக்க வழி பார்க்கட்டும். பாலஸ்தீனத்து மக்களுக்கு அவர்கள் மண்ணில் வாழும் உரிமை வேண்டும். அவ்வளவுதான். யாரையும் திட்டவில்லை. அது பிடித்தது. முதல் கையெழுத்து என்னுடையது.

சாயங்காலம் வீட்டில் இவரிடம் நீட்டினேன். ஸ்கூல் பஸ் ஓட்டிவிட்டு வந்த களைப்பு.

"அது அவங்க விஷயம்லா. நம்மாளுங்கள ரப்பர் தோட்டத்த விட்டு கெளப்பினப்ப எவன் கையெழுத்து போட்டான்?"

"காக் ரோஸ் போட்டா. நாந்தானே தாள் அடிச்சேன்."

நானும் விடவில்லை. இவர் கோயில் கமிட்டிச் செயலாளர். தேர் எந்தத் தெரு வழியாகப் போவது என்று இரண்டு கோஷ்டி பாராங் கத்தியைத் தூக்கியபோது, பத்தொன்பது சாயங்காலம் எல்லாரையும் ஒரே மேசையில் உட்காரவைத்தது இவர்தான். அடித்துத்தான் அடக்கணும் என்றவர்களை வாயை மூடச் சொன்னதும் இவர்தான்.

"அது தேரு. இது யுத்தம்டி."

"தேருக்கே பத்தொன்பது நாள் பேசினீங்க. இதுக்கு எவ்வளவு பேசணும்?"

டிவியைச் சத்தமாக வைத்தார். வாயடைத்துப்போனால் எப்போதும் அதுதான்.

செவ்வாய், 10

ஐந்து கட்டும் அடித்து அடுக்கியாச்சு. நன்றிப் பக்கம் வர வேண்டிய இடத்தில் மஞ்சள் தாள் செருகியிருக்கிறேன்.

இரண்டு பக்கத்தையும் படித்தேன். படித்திருக்கக் கூடாது. ஒரு வரிதான் வித்தியாசம். ஒன்றில், "இதைக் கையில் வாங்கிப் பார்க்கப்போகும் என் அம்மா ஹனானுக்கு." மற்றதில், "என் அம்மா ஹனானின் நினைவுக்கு." அடுத்த வரி இரண்டிலும் ஒன்றுதான்: "என் கையெழுத்தைக் கிண்டல் செய்யும் தங்கை லீனாவுக்கு."

எனக்கும் ஒரு தங்கை உண்டு, பண்டார் பாருவில். ஃபோன் பண்ண வேண்டும்.

சாயங்காலம் கோயில். செவ்வாய்க் கூட்டம். எங்கள் வீட்டுப் பேருக்கு அர்ச்சனைச் சீட்டு வாங்கும்போது, இன்னொன்று குடுங்க என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

குருக்கள் தட்டை வாங்கிக்கொண்டு கேட்டார். "இது யார் பேருக்கு?"

"ஹனான்."

நிமிர்ந்து பார்த்தார். "நட்சத்திரம்?"

"தெரியாது சாமி."

"பரவால்ல, சாமி நட்சத்திரமே சொல்லிடறேன்." இரண்டடி போய்த் திரும்பினார். "இருக்காங்கல்ல? இருக்கவங்களுக்குத்தாம்மா அர்ச்சனை."

"இருக்காங்க, சாமி."

சந்நிதியில் நின்று சொன்னேன். பொய்யா இல்லையா, எனக்கே தெரியாது.

வீட்டில் இவர்: "வேற மதத்து அம்மா. அந்தப் பையன ஒரு வார்த்த கேட்டியா?"

நியாயமான கேள்வி. கேட்கவில்லை.

புதன், 11

கம் வந்தது. ஒரு டின்தான் வந்தது.

ஆறு மணிக்கு பாஸிம் வந்தான். முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது, ஒரு செய்தியும் இல்லை. மேசையில் கிடந்த மனுவை நின்றபடியே படித்தான்.

"எங்களப் பாத்து பாவம்னு நெறைய பேரு சொல்றாங்க, காக். உரிமைன்னு சொல்றவங்க கம்மி. இதுல போட்டிருக்கு." அவனும் கையெழுத்துப் போடலாமா என்றான். வெளிநாட்டுக்காரர் போடக் கூடாதாம், காக் ரோஸ் சொல்லியிருக்கிறாள். "அப்ப நீங்க போடுங்க." போட்டாச்சுப்பா என்றேன்.

பிறகு, எந்தப் பக்கம் என்று கேட்டேன்.

"நீங்களே ஒண்ண வைங்க. எனக்குக் கை வரல."

என்னாலும் மறைக்க முடியவில்லை. "எங்க சாமிகிட்ட உங்கம்மா இருக்காங்கன்னு சொல்லிட்டேன். உன்னைக் கேக்காம. தப்புன்னா மன்னிச்சுக்கப்பா."

மனுத் தாள்களை அடுக்கி வைத்தான். அப்புறம் சிரித்துவிட்டான். ஒரு மாசமாக அவன் சிரித்து நான் பார்க்கவில்லை.

"அம்மாவுக்குத் தெரிஞ்சா நாலு நாள் கோவமா இருப்பா. அப்புறம் தெருவெல்லாம் போயி அவளே சொல்லுவா." கண்ணைத் துடைத்துக்கொண்டான். "அவ கோவப்படணும், காக். எனக்கு அது போதும்."

அம்மா இருக்கிற பக்கத்தை அவனே எடுத்து ஐந்து கட்டிலும் வைத்தான். தப்பாகிப் போனால் பிரித்து மறுபடி கட்டித் தருகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் கம் போட்டேன். இன்னொரு பக்கத்தை அலமாரியில் வைத்தேன். மிச்சத் தாளைச் சின்னச் சின்னதாக வெட்டிக் குறிப்பெழுத வைத்துக்கொள்வது வழக்கம். அதை வெட்ட மனம் வரவில்லை.

வியாழன், 12

பச்சைக் கவர். அழகாக வந்திருக்கிறது, நானே சொல்லிக்கொள்கிறேன். இவர் காலை டிரிப் முடித்து வந்து, பாஸிமையும் புத்தகத்தையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய் ஆபீஸ் வாசலில் இறக்கினார். நான் கேட்கவே இல்லை.

மதியம் மனுத் தாளைத் திருப்பினால் முப்பத்தேழாவது கையெழுத்து இவருடையது. செயலாளர் கையெழுத்து, நீளமாக. கோயில் முத்திரை ஒன்றுதான் குத்தவில்லை.

வெள்ளி, 13

காக் ரோஸ் தஞ்சோங் டாவாய் போய் நெத்திலி வாங்கி வந்தாள். சம்பல் வைத்தேன். கூடுதலாகச் சாப்பிட்டுவிட்டேன். பல் வலி.

ஞாயிறு, 15

மப்பு, மழை இல்லை. கடை திறக்கப் போனால் பாஸிம் வாசலில் நிற்கிறான்.

அம்மா இருக்கிறாள். விடியற்காலையில் யாரோ ஒருவர் ஃபோனிலிருந்து கூப்பிட்டாளாம். எனக்கு முருகா என்று வந்துவிட்டது. கையைப் பிடித்துக்கொண்டேன். அவன் சிரிக்கவில்லை.

லீனா. அம்மாவைக் காணோம் என்று தேடிக்கொண்டு நடந்தே போயிருக்கிறாள். வழியில் குண்டு. புதன்கிழமை.

நாங்கள் கம் போட்ட அன்று.

இரண்டு பக்கத்திலும் லீனா இருந்தாள். இன்னொரு பக்கம் அடித்து வைக்க அவனுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. அவள் பேருக்கு ஒரு சீட்டு வாங்க வேண்டும் என்றும் தோன்றவில்லை. பத்திரமாக இருக்கிறாள் என்று இருந்துவிட்டேன்.

அவனை உட்காரவைத்து டீ கொடுத்தேன். குடிக்கவில்லை. சொன்ன வாக்கு இருக்கிறதே என்று கத்தியை எடுத்து மேசையில் வைத்தேன். ஆபீசில் கேட்டு ஐந்தையும் வாங்கி வா, பிரித்துக் கட்டித் தருகிறேன் என்றேன்.

"வேணாம், காக். அதுல அவ இன்னும் என்னைக் கிண்டல் பண்ணிட்டிருக்கா. பண்ணட்டும்."